சூரியக் கை

அந்தக் கயிறு லாரியில் தார்ப்பாய் கட்டுகிற கயிறு. டீச்சர் அதை மூன்று நாள் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாள். டீசல் வாடை போகிறவரை அலசி, ஒன்றரை முழத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு முடிச்சுப் போட்டு, ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு நிறத் துணியைச் சுற்றித் தைத்தாள். முதலில் சிவப்பு, கடைசியில் ஊதா. மூன்று வயதும் நான்கு வயதுமாகப் பன்னிரண்டு பிள்ளைகள், ஆளுக்கொரு நிறம். தன் நிறத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும், முன்னால் போகிறவன் குதிகாலை மிதிக்காமல் நடக்க வேண்டும், நடக்கும்போதே அடியை எண்ணவும் வேண்டும். பிள்ளைகளுக்கு இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாது. இருபது வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்கள். பள்ளி வாசலிலிருந்து சலவைக்கடைச் சந்துவரை ஏழு இருபது. சந்தின் கடைசியில் தண்ணீர் பம்ப் நிலையம், பெரிய இரும்புக் கேட், உள்ளே மரங்கள். புதன்கிழமை தோறும் அங்கே போய் இலை பொறுக்கிவந்து, பெரியது சின்னது என்று அடுக்குவார்கள்.

பள்ளி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். மொத்தச் சந்தையை ஒட்டிய தெருவில் ஒரு வீட்டின் கீழ் அறை, அவ்வளவுதான். தாழ்வான அலமாரியில் பயறு ஊற்றி விளையாடுகிற கிண்ணங்கள், பொத்தான் பெட்டி, களிமண் வாளி, உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள். சந்தைக்கு லாரி ஓட்டுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளும், அந்த லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வாளிக் களிமண்ணைப் பிசைந்தார்கள்.

சிவப்பு முடிச்சுக்காரிக்கு வக்கீல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, வாயால் சம்பாதித்தது. "நேத்து நீங்க வேற மாதிரி சொன்னீங்களே டீச்சர்" என்று அவள் ஆரம்பித்தால் அன்றைய பாடம் அதோடு சரி. ஊதா முடிச்சு பட்டாணி. பயறு விளையாட்டில் ஒரு பட்டாணியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிவரை போய்வந்தவன். பள்ளியில் எல்லோருக்கும் சின்னவன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள், பின்னால் அவ்வளவாக இடம் இருக்காது.

ஒருமுறை நடையின் நடுவில் ஒரு பையன் கயிற்றை விட்டுவிட்டு நாய்க்குட்டி பின்னால் ஓடினான். அவனைக் கண்டுபிடிப்பதற்குள் டீச்சருக்கு உயிர் போய் உயிர் வந்தது. அன்று ராத்திரி யோசித்தாள். ஓடுகிற பிள்ளையைத் தேடுவது கஷ்டம், நிற்கிற பிள்ளை கண்ணில் பட்டுவிடும். மறுநாள் ஒரு விளையாட்டு பிறந்தது. கயிற்றை விட்டால் சிலை. கை எப்படி, கால் எப்படி இருந்ததோ அப்படியே நிற்க வேண்டும். டீச்சர் வந்து சூரியக் கையைத் தலையில் வைத்தால்தான் விடுதலை.

சூரியக் கை என்பது வலது கை. வலது எது, இடது எது என்று பிள்ளைகளுக்குக் குழம்பும் அல்லவா? அதனால் ஒவ்வொரு புதன்கிழமையும் ஒரு பிள்ளை முறைவைத்து டீச்சரின் வலது உள்ளங்கையில் மஞ்சள் சாயத்தால் சூரியன் வரையும்.

பள்ளியைக் கூட்டி, பிள்ளைகளைக் கழுவிவிட ஓர் ஆயாம்மா இருந்தாள். வயது முப்பதுதான், ஆயாம்மா என்பது வேலையின் பெயர். நடையில் கயிற்றின் பின்முனை அவள் பொறுப்பு. அவள் ஒருநாள் வேடிக்கைக்கு, சிலையாக நின்ற வக்கீலைத் தன் கையால் தொட்டு, "போ போ, விட்டாச்சு" என்றாள். வக்கீல் அசையவில்லை. உதட்டைப் பிரிக்காமலே, "அது சூரியக் கை இல்லை" என்றாள்.

டீச்சர் சிரித்துக் கைதட்டினாள். "அப்படித்தான்! யார் தொட்டாலும், அம்மாவே வந்து மிட்டாய் நீட்டினாலும் அசையக் கூடாது. நானே வாயால 'போதும்'னு சொன்னாலும் அசையக் கூடாது. சூரியக் கை படணும். சரியா?"

"சரி டீச்சர்" என்று பன்னிரண்டு பேரும் கத்தினார்கள். நாலு மாதம் அதைப் பழகினார்கள்.

அந்தப் புதன்கிழமை வரைகிற முறை பட்டாணிக்கு. விரலைச் சாயத்தில் முக்கி வட்டம் போட்டான். வட்டம் கோணிக்கொண்டது. ஏழு கதிர் ஒழுங்காக வந்தது. எட்டாவது மணிக்கட்டுவரை ஓடியது.

"இது ஏன்டா கண்ணா இவ்வளவு நீளம்?"

"அது தூரமா இருக்கிறவங்களுக்கு" என்றான்.

சாயம் காயட்டும் என்று கையை விரித்து வைத்துக்கொண்டு, டீச்சர் பயறு விளையாட்டைப் பார்த்தபடி இருந்தாள். ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு, ஒரு பயறுகூடச் சிந்தக் கூடாது. அப்போதுதான் தெருவில் முதல் அலறல் கேட்டது.

பின்னால் எடுத்த லாரி ஒன்று, இறக்குமேடையில் நின்ற சுமைக்காரன் ஒருவனைச் சுவரோடு சுவராக நசுக்கிவிட்டது. ஓட்டியவன் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டான். மற்ற சுமைக்காரர்கள் மூட்டைக் கொக்கியால் கண்ணாடியை உடைத்து, உடைந்த கண்ணாடி வழியாகவே அவனை வெளியே இழுத்தார்கள். வயிறு கிழிந்துதான் வந்தான். அதைப் பார்த்த லாரிக்காரர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். ஜாக்கிக் கம்பி, சங்கிலி, வீல் ஸ்பானர்.

"சுமைக்காரனை நசுக்கிட்டாங்க" என்று யாரோ கத்தியதுதான் ஆயாம்மாவின் காதில் விழுந்தது. அவள் புருஷனும் சுமைக்காரன். "டீச்சரம்மா, நான் ஒரு நிமிஷம்..." என்றவள் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவிட்டாள்.

டீச்சர் ஜன்னலைச் சாத்தினாள். கதவுக்கு மேசையை முட்டுக்கொடுத்தாள். "ஊத்துங்க, சிந்தாம ஊத்துங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வெளியே இரும்பு இரும்பின்மேல் விழுகிற சத்தமும், இரும்பு இரும்பல்லாத ஒன்றின்மேல் விழுகிற சத்தமும் மாறி மாறிக் கேட்டன. பிள்ளைகள் ஒவ்வொரு சத்தத்துக்கும் கிண்ணத்தை ஆட்டினார்கள். தரையெல்லாம் பயறு.

பிறகு புகை வந்தது. பள்ளிச் சுவரை ஒட்டி நின்ற லாரிக்கு யாரோ தீ வைத்திருந்தார்கள். எண்ணெய் டின் ஏற்றிய லாரி. ஜன்னல் இடுக்கு வழியே கறுப்பாக உள்ளே நுழைந்தது புகை. பட்டாணி இருமினான். அந்த வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது. டின்கள் வெடித்தால் அறை அடுப்பாகிவிடும்.

டீச்சர் ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தாள்.

"யார் யார் நிறம் எங்கே? பிடிங்க. இன்னைக்குக் கீழே பார்த்துக்கிட்டே நடக்கிறோம். சத்தமா எண்ணுறோம். தெருவில் பெரியவங்க என்ன பண்ணினாலும் எண்ணிக்கை விடக் கூடாது."

"கயிற்றுக்குப் பின்னாடி யார் பிடிப்பாங்க?" என்றாள் வக்கீல்.

"இன்னைக்கு யாரும் இல்லை. பட்டாணிதான் கடைசி. பட்டாணி, பெரிய ஆள்தானே நீ?"

"பெரிய ஆள்" என்றான் பட்டாணி, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

மேசையைத் தள்ளிக் கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அறைந்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணு..." பன்னிரண்டு குரலும் சேர்ந்து எழுந்தன. முதல் இருபதில் ஒருவன் சாக்கடை ஓரம் உட்கார்ந்து, தன் பற்களை உள்ளங்கையில் துப்பி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது இருபதில் ஒரு லாரிக்காரனின் தோளில் கொக்கி இறங்கியிருக்க, அதன் பிடியைப் பற்றி ஒருவன் அவனைக் கன்றுக்குட்டி மாதிரி தெருவில் இழுத்துப்போனான். டீச்சர் தன் உடம்பால் அந்தப் பக்கத்தை மறைத்துக்கொண்டு நடந்தாள். "கீழே பாரு, கீழே பாரு. பன்னெண்டு, பதிமூணு..." கீழேயும் ரத்தம்தான். ஒரு பிள்ளை, "சிவப்பு" என்று நிறத்தின் பெயர் சொன்னது. "ஆமாம், சிவப்பு. எண்ணு" என்றாள் டீச்சர். வேறு என்ன சொல்வாள்?

நாலாவது இருபதில் புகை கண்ணை மறைத்தது. முகம் கிழிந்த ஒருவன் பின்னால் பார்த்துக்கொண்டே ஓடிவந்து, கயிறு இருப்பது தெரியாமல் அதன்மேல் விழுந்தான். கயிறு விண்ணென்று இழுபட்டது. அவனைத் துரத்திவந்தவன் அங்கேயே, பிள்ளைகளின் கால் பக்கத்திலேயே, அவன் முதுகில் சங்கிலியை இறக்கினான். ஒருமுறை. இன்னொருமுறை. டீச்சர், "விடாதீங்க, விடாதீங்க!" என்று அலறிக்கொண்டே தன் பக்கம் இழுத்தாள். கயிறு உருவிக்கொண்டு வந்தது. நிற்க நேரமில்லை. ஐந்தாவது இருபது, ஆறாவது, ஏழாவது. சந்துக்குள் திரும்பிச் சலவைக்கடைச் சுவரோரம் எல்லோரையும் ஒதுக்கிவிட்டுத் தலைகளை எண்ணினாள்.

பதினொன்று.

ஊதா முடிச்சு யார் கையிலும் இல்லாமல் தரையில் கிடந்தது.

சந்து முனையிலிருந்து எட்டிப் பார்த்தாள். புகை ஒரு கணம் விலகியது. நாலாவது இருபது இருந்த இடத்தில், தெருவின் நட்டநடுவில், பட்டாணி நின்றுகொண்டிருந்தான். ஒரு கால் முன்னால், ஒரு குதிகால் தூக்கியபடி, வலது கை, அங்கே இல்லாத முடிச்சைப் பிடித்தபடி. சிலை. அவனுக்கு இந்தப் பக்கம் லாரிக்காரர்கள், அந்தப் பக்கம் சுமைக்காரர்கள்.

"ஓடுடா தம்பி! ஓடித் தொலைடா!" என்று கத்தியபடி ஒரு சுமைக்காரன் அவனைத் தள்ளிவிட்டான். நல்ல எண்ணத்தில்தான் தள்ளினான். பட்டாணி மரப்பொம்மை மாதிரி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். விழுந்தும் அசையவில்லை. மூடிய கை மூடியபடி, தூக்கிய குதிகால் தூக்கியபடி கிடந்தான். அவன்மேல் ஆட்கள் தாண்டிப் போனார்கள்.

கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். நானும் விட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பக்கம் பதினொன்று, அந்தப் பக்கம் ஒன்று. பம்ப் நிலையத்துக் கேட் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறது. தட்டிக் கூப்பிட்டு ஆள் வந்து திறக்கிறவரை அந்த ஒன்று இருக்காது. பதினொன்றைத் தனியே விட்டால் ஆளுக்கொரு திசையாக ஓடும், அல்லது அவள் பின்னாலேயே தெருவுக்கு வரும். டீச்சருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

"எல்லாரும் கயிற்றை விடுங்க" என்றாள்.

வக்கீல் நிமிர்ந்து பார்த்தாள். "விட்டா சிலை ஆயிடுவோம் டீச்சர்."

"ஆமாம்டி செல்லம். ஆயிடுங்க."

பதினொரு கைகள் விரிந்தன. பதினொரு பிள்ளைகள் சுவரோரம் உறைந்தார்கள். டீச்சர் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

ஓடும்போது ஒரு கல் அவள் காதோரம் பட்டது. யாரோ முழங்கையால் மார்பில் இடித்தான். அவள் யாரையும் பார்க்கவில்லை, அந்த மூடிய சின்னக் கையை மட்டும் பார்த்தாள். நெருங்கியபோது ஒரு லாரிக்காரன், கீழே விழுந்த சுமைக்காரன் ஒருவனைக் குறிவைத்து, வீல் ஸ்பானரை இரண்டு கையாலும் தலைக்குமேல் ஓங்கியிருந்தான். கீழே கிடந்தவன் புரண்டு விலகினான். அவன் விலகிய இடத்தில் பட்டாணியின் தலை இருந்தது.

டீச்சர் விழுந்தாள். உடம்பு போய்ச் சேரவில்லை, கைதான் எட்டியது. உள்ளங்கை பட்டாணியின் தலையில் பட்டதும் ஸ்பானர் அவள் புறங்கையில் இறங்கியதும் ஒன்றாக நடந்தன. ஒரு கட்டுப் பென்சிலைச் சேர்த்து முறித்தால் எப்படிச் சத்தம் வருமோ, அப்படி வந்தது. அவளுக்கு முதலில் வலிக்கவில்லை. தன் கை இனித் தன் கை இல்லை என்று மட்டும் தெரிந்தது.

அடித்தவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஸ்பானரை உருவிக்கொண்டு, புரண்டு போனவன் பின்னால் போய்விட்டான். அவள் பார்த்தது அவன் கால்களை மட்டும்தான்.

கைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "டீச்சர், இப்ப அசையலாமா?"

"அசையலாம்டா ராஜா."

இடது கையால் அவனை இடுப்பில் அள்ளிக்கொண்டு எழுந்தாள். பத்து அடி போயிருப்பாள், எண்ணெய் டின்கள் வெடித்தன. தெருவே வெளிச்சமாயிற்று. சண்டை போட்டவர்கள் சண்டையை விட்டுச் சிதறினார்கள். எரிகிற சட்டையோடு ஒருவன் அவளைத் தாண்டி ஓடினான். தப்பிக்க வழி தேடிய கூட்டம் மொத்தமும் சலவைக்கடைச் சந்துப் பக்கம் திரும்பியது.

சந்துக்குள் அவள் நுழைந்தபோது வெடிச்சத்தம் கேட்டுப் பம்ப் ஆபரேட்டர் கேட்டைத் திறந்து நின்றிருந்தார். "டீச்சர், சீக்கிரம்! கூட்டம் வந்துட்டா நான் பூட்டியாகணும். உள்ள குளோரின் சிலிண்டர் இருக்கு. இந்தப் பிள்ளைங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை போச்சு, ஒண்ணும் நகர மாட்டேங்குது! பொம்மைங்களா இதெல்லாம்?"

பதினொரு பேரும் விட்ட இடத்தில் விட்டபடி நின்றார்கள். ஒரு பிள்ளை கால் வழியே நனைத்திருந்தது. இன்னொன்றுக்குக் கண்ணீர் கன்னத்தில் ஓடுகிறது, துடைக்கவில்லை.

"விளையாட்டு முடிஞ்சிருச்சு! எல்லாரும் கேட்டுக்குள்ள ஓடுங்க!"

ஒருவரும் ஓடவில்லை. டீச்சர் பட்டாணியை இறக்கிவிட்டு, இடது கையை வக்கீலின் தலையில் வைத்தாள்.

"அது சூரியக் கை இல்லை" என்றாள் வக்கீல், உதட்டைப் பிரிக்காமல்.

"கண்ணு, இன்னைக்கு மட்டும்..."

"நீங்களே சொன்னாலும் அசையக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க." அவளுக்கும் ஓட ஆசைதான். "டீச்சர், சீக்கிரம் வைங்க டீச்சர்."

"எனக்கு அந்தக் கைதான் வச்சாங்க" என்று பட்டாணி சாட்சி சொன்னான். அதோடு தீர்ந்தது. வக்கீலைப் பார்த்து நின்ற பத்துப் பேரும் இன்னும் விறைப்பானார்கள்.

சந்து முனையில் காலடிச் சத்தம் பெருகியது. டீச்சர் வலது கையைப் பார்த்தாள். மணிக்கட்டுக்குக் கீழே அது வேறு பக்கம் திரும்பித் தொங்கியது. புறங்கைத் தோல் கிழிந்து, ரத்தம் விரலிடுக்கு வழியே உள்ளங்கைக்கு ஓடிக்கொண்டிருந்தது. பட்டாணியின் கோணல் சூரியன் இன்னும் அங்கேதான் இருந்தது.

"டீச்சர், அந்தக் கையைத் தொடாதீங்க!" என்று ஆபரேட்டர் கத்தினார்.

இடது கையால் வலது கையை அடியிலிருந்து ஏந்தி, தூக்கி, வக்கீலின் தலையில் வைத்தாள். அப்போதுதான் வலி வந்தது. வாயைத் திறந்தாள், பிள்ளைகள் பயந்துவிடும் என்று மூடிக்கொண்டாள். வக்கீல் சிட்டாகப் பறந்தாள். இரண்டாவது தலை. மூன்றாவது. ஒவ்வொரு தலையிலும் எலும்பு எலும்பின்மேல் உரசியது. ஐந்தாவதில் கண் இருட்டிற்று. சுவரில் சாய்ந்துகொண்டே நகர்ந்தாள். தன்னையறியாமல் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள், "ஆறு, ஏழு..." உள்ளே போய்விட்ட பிள்ளைகள் கேட்டுக்குப் பின்னாலிருந்து சேர்ந்துகொண்டார்கள். "எட்டு! ஒன்பது! பத்து!" ஓடிவருகிறவர்களில் முதல் ஆள் அவளைத் தொட்டுவிடுகிற தூரத்தில் வந்தபோது பதினொன்றாவது தலையில் கையை வைத்தாள். பட்டாணி அவள் புடவையைப் பிடித்தபடியே வந்தான். கேட் மூடியது. பூட்டு விழுந்த சத்தம் கேட்டதும் டீச்சர் அப்படியே முழங்காலிட்டுச் சரிந்தாள்.

ஆபரேட்டர் பிள்ளைகளை நிலையத்துக் காவலாளியிடம் விட்டுவிட்டு, அவளைத் தன் வண்டியில் பின்பக்க வழியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அந்தக் கை அதன்பிறகு ஒரு கிண்ணத்தைக்கூடத் தூக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மத்தியானம் போலீஸ் வந்து தெரு அடங்கியதும் பெற்றவர்கள் ஓடிவந்தார்கள். முதலில் வந்தவள் ஆயாம்மா. நசுங்கியது அவள் புருஷன் இல்லை, அவனுக்கு அடுத்து நின்றவன். அதற்கு நிம்மதிப்பட்டதை நினைத்து நினைத்து அவள் அழுதுகொண்டிருந்தாள். பிறகு தோளில் துணி சுற்றிய சுமைக்காரர்களும், முகம் வீங்கிய லாரிக்காரர்களும் ஒரே கேட் வழியாக இடித்துக்கொண்டு நுழைந்தார்கள்.

நுழைந்தவர்கள் பிள்ளைகளைப் பார்த்து அலறினார்கள். பன்னிரண்டு பிள்ளைகளின் உச்சந்தலையிலும் ரத்தம். காலையெல்லாம் கம்பி பிடித்த விரல்கள் முடியைப் பிரித்துப் பிரித்துக் காயம் தேடின. ஒரு தலையிலும் காயம் இல்லை.

வக்கீலின் அப்பா லாரி ஓட்டுகிறவர். மண்டியிட்டு, இடது கையால் அவள் முடியைக் கலைத்துக் கலைத்துப் பார்த்தார். "எங்கடி அடிபட்டுச்சு? சொல்லுடி தங்கம், எங்க வலிக்குது?"

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. அது டீச்சரோட ரத்தம்."

"டீச்சருக்கு எங்க அடி?"

"கையில."

"எந்தக் கையில?"

வக்கீல் யோசிக்கவே இல்லை. நாலு மாதம் பழகிய பாடம். அப்பாவின் இன்னொரு கையைத் தொட்டுக் காட்டினாள். அதில் அவர் விட மறந்த வீல் ஸ்பானர் இருந்தது.

"இந்தக் கைப்பா. இதுதான் வலது கை."

அவர் அந்தக் கையைப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது, அவ்வளவு இறுகியிருந்தன. ஸ்பானர் சிமெண்டுத் தரையில் விழுந்த சத்தத்துக்குப் பன்னிரண்டு பிள்ளைகளும் அப்படியே சிலையாக நின்றார்கள்.